மார் சார்ட்டில் விழுந்த தவறைத் திருத்துவது எப்படி? இங்கிலாந்து நர்சிங் ஹோம் நர்ஸ்களுக்கான முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் நர்சிங் ஹோம்களில் எலெக்ட்ரானிக் பதிவு பரவி வந்தாலும் பேப்பர் மார் சார்ட் (யாருக்கு எந்த மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்று பதியும் தாள்) இன்னும் மருந்து டிராலியை விட்டு இறங்கவில்லை. 28 நாள் சுழற்சி, ஒரு மருந்துக்கு ஒரு பட்டை, ஒரு வேளைக்கு ஒரு கட்டம். மருந்து கொடுத்தவரின் இனிஷியல் அந்தக் கட்டத்தில் விழ வேண்டும். கட்டமோ சுண்டுவிரல் நகம் அளவுதான். நடுவில் பஸ்ஸர் அடிக்கும், குடும்பத்தார் போன் வரும், ஜிபி சர்ஜரியிலிருந்து, அதாவது குடும்ப மருத்துவரின் கிளினிக்கிலிருந்து, அழைப்பு வரும். இத்தனைக்கும் நடுவே 28 நாளும் ஒரு தவறுகூட இல்லாத சார்ட்டைக் கண்டால், அனுபவமுள்ள ஆடிட்டர் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவார்.

தவறைத் திருத்த எல்லா ஹோமிலும் பாலிசி இருக்கும். அதன் அடிப்படை ஒன்றே: பிறகு சார்ட்டைப் பார்ப்பவருக்கு முதலில் என்ன எழுதியிருந்தது, உண்மையில் என்ன நடந்தது, இரண்டும் தெரிய வேண்டும். பராமரிப்புச் சேவைகளுக்கான 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளின் 17-வது விதி ஒவ்வொருவருக்கும் துல்லியமான, முழுமையான, அந்தந்த நேரத்திலேயே எழுதப்பட்ட பதிவைக் கேட்கிறது. பராமரிப்புச் சேவைகளைக் கண்காணிக்கும் சிக்யூசி அமைப்பின் இன்ஸ்பெக்டர் இதை வைத்துத்தான் சார்ட்டைப் புரட்டுவார். நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சி அமைப்பின் நடத்தை விதியின் 10-வது பிரிவும் பதிவைப் பொய்யாக்கக் கூடாது, நிகழ்வுக்குப் பிறகு எழுதினால் அப்படி எழுதியதைக் குறிப்பிட வேண்டும் என்கிறது.

பேனாவை எடுக்கும் முன்

முதலில் கேட்க வேண்டியது: மருந்து யாருடைய உடம்புக்குள் போனது? எப்போது? எவ்வளவு?

இதற்குப் பதில் தெரிந்தால்தான் கையில் இருப்பது எழுத்துப் பிழையா, மருந்துப் பிழையா என்று சொல்ல முடியும். மருந்து சரியாகக் கொடுத்துவிட்டு, கையெழுத்து மட்டும் பக்கத்துக் கட்டத்தில் விழுந்திருந்தால் எழுத்துப் பிழை. ஒருவர் மருந்து இன்னொருவருக்குப் போயிருந்தால், இரண்டு முறை போயிருந்தால், போகவே இல்லையென்றால் அது மருந்துப் பிழை. அப்போது சார்ட் காத்திருக்கலாம், ரெசிடென்ட் (ஹோமில் வசிப்பவர்) காத்திருக்க முடியாது. பிபி, பல்ஸ், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், விழிப்பு நிலை பாருங்கள். இன்சுலினோ கிளிக்லசைடோ என்றால் ரத்தச் சர்க்கரையும் பாருங்கள். பிறகு ஜிபி அல்லது 111 (என்எச்எஸ் மருத்துவ ஆலோசனை எண்). மூச்சு, விழிப்பு இரண்டில் ஒன்று மோசமானால் 999 (ஆம்புலன்ஸ்). என்ன மருந்து, எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு, அவர் எடுக்கும் மற்ற மருந்துகள் என்னென்ன என்று கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மேனேஜர், குடும்பத்தார், இன்சிடென்ட் ஃபார்ம் அதன் பிறகு.

மருந்துப் பிழையில் சார்ட்டில் கை வைப்பவர்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்று உண்டு. காலை 8 மணிக்கு ஒரு நர்ஸ் பாராசிட்டமால் 1 கிராம் கொடுத்துவிட்டுக் கையெழுத்திட மறந்துவிட்டார். கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து 10 மணிக்கு இன்னொருவர் மறுபடி 1 கிராம் கொடுத்துவிட்டார். பிறகு இரண்டில் ஒரு பதிவை அடித்துவிட்டு, ஒரு டோஸ்தான் போனது போல் சார்ட்டைச் ‘சரி’ செய்துவிடுகிறார்கள். உடம்புக்குள் போனது 2 கிராம் என்றால் சார்ட்டிலும் 2 கிராம்தான் இருக்க வேண்டும். அடுத்த டோஸை எப்போது கொடுக்கலாம், 24 மணி நேரத்துக்கு 4 கிராம் என்ற வரம்புக்குள் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று இரவு நர்ஸ் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

அடிப்படை முறை

எழுத்துப் பிழைதான் என்று உறுதியான பிறகு:

1. தவறான பதிவின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும்.
2. கோட்டின் பக்கத்தில் உங்கள் இனிஷியல், தேதி, நேரம். கட்டத்தில் இடமிருக்காது என்பதால் சிறியதாக ஒரு எண் போடுங்கள்.
3. சரியான பதிவை அதற்குரிய கட்டத்தில் எழுதுங்கள்.
4. சார்ட்டின் பின்பக்கத்தில் அதே எண்ணைப் போட்டு விவரம்: எந்த மருந்து, எந்த வேளை, என்ன தவறு, உண்மையில் என்ன நடந்தது, திருத்திய தேதி, நேரம், முழுப் பெயர், கையெழுத்து.
5. ஹேண்டோவரில் சொல்லுங்கள்.

கறுப்பு பால்பாயின்ட் பேனா மட்டும். ரெசிடென்ட் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சார்ட்டின் ஜெராக்ஸ் கூடவே போகும். நீல மையும் மெல்லிய பென்சில் கோடும் அதில் சரியாக விழாது. ஜெல் மை ஈரக் கையில் பட்டால் கலங்கிவிடும். டிப்பெக்ஸ், ஸ்டிக்கர், கிறுக்கி மறைப்பது, எழுத்தின் மேலேயே எழுதுவது எதுவும் ஆகாது. மேலெழுதுவதுதான் இவற்றில் அதிகம் நடக்கும், சின்ன விஷயமாகத் தோன்றும். இனிஷியலின் மேல் ‘மறுத்தார்’ குறியீட்டை அழுத்தி எழுதினால் இரண்டும் படிக்க முடியாத மைத் திட்டாகிவிடும். மருந்து போனதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடித்துத் திருத்தும் உரிமை அதை எழுதியவருக்கு மட்டுமே. இன்னொருவர் இனிஷியலை நீங்கள் அடிக்கக் கூடாது. தவறு என்று தெரிந்தால் பின்பக்கத்தில் பார்த்ததை எழுதி, உங்கள் பெயரில் கையெழுத்திட்டு, மேனேஜருக்குச் சொல்லுங்கள். எழுதியவர் ஏஜென்சி நர்ஸ், இனி வரமாட்டார் என்றாலும் இதே வழிதான்.

குறியீடுகள் பற்றி ஒரு வார்த்தை. ஒரு ஃபார்மசியின் தாளில் ‘மறுத்தார்’ என்பதற்கு ‘ஏ’ இருக்கும், இன்னொன்றில் ‘ஆர்’ இருக்கும். இனிஷியலைச் சுற்றி வட்டம் போட்டால் ‘கொடுக்கவில்லை’ என்று பொருள் கொள்ளும் இடங்கள் உண்டு. அங்கே திருத்தத்தைக் காட்ட வட்டம் போட்டால் அர்த்தமே மாறிவிடும். தாளின் அடியில் இருக்கும் விளக்கத்தைப் படிக்காமல் எந்த எழுத்தையும் போடாதீர்கள். நம் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல்: அப்பா பெயரின் ஒற்றை எழுத்தும் சொந்தப் பெயருமாக வாழ்ந்துவிட்டு, சார்ட்டிலும் ஒற்றை எழுத்தைப் போட்டால் அது குறியீடாகவே படிக்கப்படும். இரண்டு எழுத்தாவது போடுங்கள், மாதிரிக் கையெழுத்துத் தாளிலும் அதையே பதிவு செய்யுங்கள்.

கட்டம் மாறியது, ஆள் மாறியது, முந்திக்கொண்டது

செவ்வாய்க் காலைக்குப் பதில் புதன் காலைக் கட்டத்தில் கையெழுத்து விழுந்தால், மேலே சொன்ன முறை போதும். உடனே கவனியுங்கள் என்பது மட்டும் முக்கியம். அடிக்காமல் விட்டால், புதன் காலை வரும் நர்ஸ் ‘ஏற்கெனவே கொடுத்தாயிற்று’ என்று தாண்டிப் போய்விடுவார்.

வாரம் ஒருமுறை மருந்துகளில் கொஞ்சம் நிதானம் தேவை. அலெண்ட்ரானிக் ஆசிட் 70 மி.கி., மெதோட்ரெக்சேட் போன்றவற்றில் மற்ற ஆறு கட்டங்களும் குறுக்குக் கோடு போட்டு மூடியிருக்கும். மூடிய கட்டத்தில் ஒரு இனிஷியல் இருந்தால் ‘கை தவறியது’ என்று முடிவு கட்டாமல் மாத்திரையை எண்ணுங்கள். மெதோட்ரெக்சேட் தினமும் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆள் மாறிக் கையெழுத்திட்டால், அதுவும் ஒரே குடும்பப் பெயருள்ள இருவர் பக்கத்து அறைகளில் இருந்தால், மருந்தும் மாறிப் போயிருக்குமோ என்பதுதான் முதல் சந்தேகம். இருவரின் பிளிஸ்டர் பேக்கையும் எடுத்துப் பார்த்து அது இல்லையென்று உறுதி செய்யுங்கள். தவறான சார்ட்டின் பின்பக்கத்தில் ‘வேறொரு ரெசிடென்ட்டுக்கான பதிவு தவறுதலாக இங்கே எழுதப்பட்டது, இவருக்கு மருந்து கொடுக்கப்படவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள். அந்த இன்னொருவரின் பெயர் இந்தச் சார்ட்டில் வரக் கூடாது. இந்தச் சார்ட்டின் நகலை ஒருநாள் இவர் குடும்பத்தார் கேட்டு வாங்கலாம்.

கொடுக்கும் முன்பே கையெழுத்திட்டுவிட்டு, அவர் வாயைத் திறக்க மறுத்தால்? இனிஷியலில் ஒரு கோடு, பக்கத்தில் மறுத்தார் குறியீடு, பின்பக்கத்தில் காரணமும் மருந்தை என்ன செய்தீர்கள் என்பதும். இது ஒரே ஷிப்டில் நாலைந்து சார்ட்டில் இருந்தால் யாரோ டிராலியருகே நின்று மொத்தமாகக் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு மருந்து கொடுக்கப் போகிறார் என்று அர்த்தம். அங்கே திருத்தம் தீர்வல்ல, தவறான பழக்கத்தின் அறிகுறி.

காலிக் கட்டம்

அதிகம் குழப்பம் வருவது இங்கேதான், அதிகம் பொய் எழுதப்படுவதும் இங்கேதான்.

காலிக் கட்டத்தைக் கண்டால் அதை நிரப்பாதீர்கள், மருந்தையும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஸ்டாக்கை எண்ணுங்கள். பிளிஸ்டர் பேக்கில் அந்த நாளின் குழி காலியா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பெட்டியில் வரும் மருந்துக்குக் கணக்கு போட வேண்டும். பிசோப்ரோலால் 2.5 மி.கி., தினம் ஒன்று, முதல் நாளில் 28 மாத்திரை. பன்னிரண்டாம் நாள் காலை டோஸ் கொடுத்த பிறகு ஒன்பதாம் நாள் கட்டம் காலி என்று கண்டுபிடிக்கிறீர்கள். பெட்டியில் 16 இருந்தால் ஒன்பதாம் நாள் மாத்திரை பெட்டியை விட்டு வெளியே போயிருக்கிறது. 17 இருந்தால் போகவில்லை. 16 என்பது அவர் விழுங்கினார் என்பதற்கு ஆதாரமாகாது. கீழே விழுந்திருக்கலாம், கப்பிலேயே மிஞ்சியிருக்கலாம். ஆகவே அன்றைய டெய்லி நோட்ஸைப் பாருங்கள், அன்று டிராலி எடுத்த நர்ஸைக் கேளுங்கள்.

அவர் ‘நான்தான் கொடுத்தேன்’ என்று தெளிவாகச் சொன்னால், அவரே தாமதப் பதிவு எழுத வேண்டும். அன்றே எழுதியது போல் கட்டத்தில் இனிஷியலை நுழைக்கக் கூடாது. கட்டத்தில் ஒரு எண் மட்டும், பின்பக்கத்தில் இப்படி: ‘தாமதப் பதிவு. இன்று பன்னிரண்டாம் தேதி, 16:20. ஒன்பதாம் தேதி காலை 8 மணி பிசோப்ரோலால் 2.5 மி.கி. நான் கொடுத்தேன், அப்போது கையெழுத்திடவில்லை. பெட்டியில் மீதி 16, கணக்கு பொருந்துகிறது.’ சார்ட்டில் இதை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், அமைப்பு இதுதான். அவருக்கே நினைவில்லை என்றால், நினைவில்லை என்றே பதிவாக வேண்டும். அப்போதும், மாத்திரை 17 இருந்தாலும், விட்டுப்போன டோஸ் என்று இன்சிடென்ட் ஃபார்ம் போட்டு ஜிபிக்குச் சொல்லுங்கள்.

காலிக் கட்டம் சில மணி நேரத்துக்குள் தெரிந்து, கொடுத்தாரா என்று யாரையும் கேட்க முடியவில்லை என்றால்? பாராசிட்டமால் போன்றவற்றில் கொடுத்ததாக வைத்துக்கொண்டு குறைந்தது 4 மணி நேர இடைவெளியைக் காப்பது பாதுகாப்பு. பார்கின்சன் நோய்க்கான கோ-கேரல்டோபா, வலிப்பு மருந்து, இன்சுலின் இவற்றில் அப்படி ஊகத்தில் விடவும் முடியாது, ஊகத்தில் கொடுக்கவும் முடியாது. ஃபார்மசிஸ்ட்டையோ ஜிபியையோ 111-ஐயோ கேட்டு, யார் என்ன சொன்னார் என்று நேரத்தோடு எழுதுங்கள்.

மாதக் கடைசியில் சில ஹோம்களில் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள்: ‘பின்வருவோர் தங்கள் காலிக் கட்டங்களில் வந்து கையெழுத்திடவும்.’ மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய் மதியம் கொடுத்த லாக்சேட்டிவ் யாருக்கு நினைவிருக்கும்? அப்படிக் கையெழுத்திடுவது தாமதப் பதிவாகாது, பொய்ப் பதிவுதான். மேனேஜர் சொன்னார் என்பது உங்கள் பின் நம்பரை, அதாவது என்எம்சி பதிவை, காப்பாற்றாது. ‘இன்றைய தேதியில் தாமதப் பதிவாக எழுதுகிறேன், நினைவிருப்பதை மட்டும்’ என்று சொல்லுங்கள்.

டோஸ் தவறு: ஒரு எண்ணைத் திருத்தாதீர்கள், முழுப் பட்டையையும் மாற்றுங்கள்

அம்லோடிபின் 5 மி.கி. என்று அச்சாகியிருக்கிறது, ஜிபி 10 ஆக்கிவிட்டார். 5-ஐ அடித்து மேலே 10 எழுதுவதுதான் எளிது, எழுதவும் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் அதே பட்டையில் இருக்கும் பழைய கையெழுத்துகள் எல்லாம் 10 மி.கி. கொடுத்ததாக மாறிவிடும். எந்த நாளில் மாற்றம் வந்தது என்பதும் தெரியாமல் போகும்.

செய்ய வேண்டியது: மீதமுள்ள கட்டங்களின் குறுக்கே ஒரு கோடு, மருந்து விவரத்தின் மேல் சாய்வாக ஒரு கோடு, படிக்கும்படி, ‘நிறுத்தப்பட்டது’, தேதி, யார் சொன்னது, உங்கள் கையெழுத்து. பிறகு காலியான வேறொரு பட்டையில் புதிதாக மருந்தின் பெயர், வலிமை, மாத்திரையா திரவமா, டோஸ், வழி, நேரம், தொடங்கும் தேதி, கைவசமுள்ள எண்ணிக்கை. கையால் எழுதிய தவறான பதிவைத் திருத்தும்போதும் இதே முறைதான். மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2014 வழிகாட்டுதலின்படி, ஹோம் ஊழியர் புதிதாக எழுதும் மருந்துப் பதிவைப் பயிற்சி பெற்ற இரண்டாவது ஒருவர் முதல் உபயோகத்துக்கு முன்பே சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது ஆள் நீங்கள் எழுதியதை மட்டும் படித்தால் போதாது. டிஸ்சார்ஜ் லெட்டரோ லேபிளோ எதைப் பார்த்து எழுதினீர்களோ அதோடு அவரும் ஒப்பிட வேண்டும். போனில் சொன்ன மாற்றமாக இருந்தால், அடுத்த டோஸுக்கு முன் ஈமெயில் போல எழுத்தில் வாங்குங்கள்.

எழுதும்போது ‘மைக்ரோகிராம்’, ‘யூனிட்’ இரண்டையும் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள். யூனிட்டுக்கு ஒற்றை ஆங்கில எழுத்து போட்டால் 4 என்பது 40 ஆகப் படிக்கப்படும். 0.5 என்பதில் முன்னால் பூஜ்யம் வேண்டும், 5.0 என்று பின்னால் பூஜ்யம் கூடாது. வார்ஃபரின் டோஸை நினைவிலிருந்து திருத்தவே வேண்டாம், சமீபத்திய ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் சோதனை) முடிவோடு எழுத்தில் வந்த டோஸ் கையில் இருக்க வேண்டும்.

அச்சிலேயே தவறு என்றால் ஃபார்மசிக்கும் சர்ஜரிக்கும் அன்றே சொல்லுங்கள். இங்கே தாளில் மட்டும் திருத்திவிட்டு விட்டால், அடுத்த 28 நாள் சார்ட் அதே தவறோடு அச்சாகி வரும், அன்று டிராலியில் வேறு ஆள் இருப்பார்.

கன்ட்ரோல்ட் டிரக் ரெஜிஸ்டர்

ஆக்ஸிகோடோன் போல சட்டக் கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கான தனிப் பதிவேடு இது. இங்கே ஒரு கோடுகூட ஆகாது. 2001-ஆம் ஆண்டு மிஸ்யூஸ் ஆஃப் டிரக்ஸ் விதிகளின்படி ரெஜிஸ்டரில் எந்தப் பதிவையும் அடிக்கவோ, அழிக்கவோ, மாற்றவோ கூடாது. ஓரக் குறிப்போ அடிக்குறிப்போ மட்டும், திருத்திய தேதியோடு. மார் சார்ட் பழக்கத்தில் இங்கேயும் கோடு இழுத்துவிடுபவர்கள் நிறைய.

ஆக்ஸிகோடோன் 5 மி.கி. கேப்சூல் கைவசம் 18. முதல் பதிவில் ஒன்று கொடுத்து, மீதி 17 என்பதற்குப் பதில் 16 என்று எழுதிவிட்டார்கள். அடுத்த இரண்டு டோஸில் 15, 14 என்று தொடர்கிறது. வாராந்தரச் சோதனையில் அலமாரியில் 15 இருக்கிறது. மூன்று வரிகளிலும் எண்ணைத் தொடாதீர்கள். முதல் தவறு விழுந்த வரியின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அடியில் இன்றைய தேதியுடன் ‘கழித்தலில் பிழை, மீதி 17 என்றிருக்க வேண்டும்’ என்று குறிப்பு, இருவர் கையெழுத்து. பிறகு அடுத்த காலி வரியில் புதுப் பதிவு: ஸ்டாக் சோதனை, ரெஜிஸ்டரில் 14, கையில் 15, காரணம் இன்ன தேதிப் பதிவின் கழித்தல் பிழை, சரியான மீதி 15. இதிலும் இருவர் கையெழுத்து.

காரணம் ‘கழித்தல் பிழை’ என்று எழுதும் முன், மார் சார்ட்டில் அதே நாட்களின் கையெழுத்துகளும் மூன்றுதானா என்று ஒத்துப் பாருங்கள். நான்கு கையெழுத்து இருந்தால் கதை வேறு. இந்த உதாரணத்தில் கவலைப்பட வேண்டியது கணக்கு இல்லை. தவறு விழுந்த டோஸிலும் அடுத்த இரண்டிலும் சாட்சியாகக் கையெழுத்திட்ட யாருமே கேப்சூலை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். இன்சிடென்ட் ஃபார்மில் போக வேண்டியது அதுதான்.

திரவ மருந்துகளில் பாட்டிலில் ஒட்டுவதும் அளவுக் குழாயில் தங்குவதுமாகச் சில மில்லி வித்தியாசம் வரும். அதையும் வித்தியாசம் என்றே பதியுங்கள். கணக்கு பொருந்துவதற்காக ஒரு டோஸைக் கூட்டியோ குறைத்தோ எழுதாதீர்கள். கணக்கில் வராமல் ஒரு மாத்திரை குறைந்தாலும் அன்றே மேனேஜர். விளக்கம் கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியின் கன்ட்ரோல்ட் டிரக்ஸ் அக்கவுண்டபிள் ஆபீசர் வரை போகும்.

ஃபெண்டனைல் பேட்ச் (72 மணி நேரம்), வாரம் ஒருமுறை மாற்றும் புப்ரெனார்ஃபின் பேட்ச் இவற்றில் நாள் மாறிக் கையெழுத்திருந்தால் தாளைப் பார்ப்பதற்கு முன் உடம்பைப் பாருங்கள். எத்தனை பேட்ச் ஒட்டியிருக்கிறது, பேட்ச் சார்ட்டில் எந்த இடம், எந்தத் தேதி. பழையது முதுகில் இருக்கப் புதியது தோளில் இருந்தால் அது திருத்தம் போடும் விஷயமில்லை. மூச்சையும் விழிப்பையும் பார்த்து உடனே மருத்துவ உதவி கூப்பிட வேண்டிய நிலை. பேட்ச்சை எடுத்த பிறகும் பல மணி நேரம் மருந்து தோலிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்.

தாளே கெட்டுப்போனால்

டீ கொட்டிய, கிழிந்த, திருத்தம் பெருகிப் படிக்க முடியாமல் போன சார்ட்டை மாற்றி எழுதலாம். பழைய தாளைத் தூக்கிப் போடக் கூடாது. அதன் குறுக்கே ‘புதிதாக எழுதப்பட்டது’, தேதி, நேரம், இருவர் கையெழுத்து. புதிய தாளில் மருந்து விவரங்களும் அலர்ஜியும் மட்டும் வரும். முந்தைய நாட்களின் கட்டங்களில் மற்றவர்களின் இனிஷியலைப் பார்த்து எழுதாதீர்கள். அந்தக் கட்டங்களின் குறுக்கே ஒரு கோடு போட்டு ‘முந்தைய தாளைப் பார்க்கவும்’ என்று எழுதினால் போதும். ஸ்டாக்கை அங்கேயே எண்ணி, புதிய தாளின் தொடக்க எண்ணிக்கையாகப் போடுங்கள். இரண்டு தாளையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து வைத்தால், ஆம்புலன்ஸ் வரும் இரவில் ஜெராக்ஸ் எடுப்பவர் இரண்டையும் எடுப்பார்.